கும்பிடு என்று நாங்கள் நினைத்த நோய்

என் மகள் வசந்தா என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஏழு மாதக் குழந்தை. அதற்கு முந்தைய மாதம் வரை என் குரல் கேட்டாலே சிரித்தவள். இப்போது முகத்தை நேரே கொண்டுபோனாலும் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தாள்.

ஜப்பான்காரன் மலாயாவில் எங்கள் பேரா மாநிலத்துக்கு வந்த இரண்டாவது வருடம், மாசி மாதம். ஈப்போவுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கெழுதும் கிராணி. பால்வெட்டு நின்று, மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டிருந்தார்கள். தோட்டத்துப் பாலத்தில் ஒரு சிப்பாய் காவல் நிற்பான். கடக்கிறவர்கள் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். குனியாவிட்டால் கன்னத்தில் அறை. நான் வசந்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டே தினமும் குனிந்தேன்.

அதனால்தான் அந்தத் தவறு நடந்தது. ஒரு காலை விழித்ததும் வசந்தா இரு கைகளையும் விரித்து முன்னே கொண்டுவந்து, சட்டென்று தலை குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்திருந்த பாக்கியம் அக்கா கைகொட்டிச் சிரித்தார்.

“அடியாத்தே! ஒன் இடுப்புல இருந்தே பழகிடுச்சு பாரு தங்கச்சி. ஜப்பான்காரனுக்குக் கும்பிடு போடுது லா!”

“நல்லதுதான்க்கா. இதாவது அறை வாங்காம பொழச்சுக்கும்” என்றேன்.

லயம் முழுக்கச் செய்தி பரவியது. காலையில் பெண்கள் வந்து சுற்றி நிற்பார்கள். “எங்க, கும்பிடு போடு” என்பார்கள். அவளும் குனிவாள். குனிந்து முடித்ததும் வீறிட்டு அழுவாள். ஏன் அழுகிறாள் என்று எனக்குள் உறுத்தியது. படித்தவள் என்றால் எதற்கும் பயப்படுவாள் என்று கேலி செய்வார்களோ என்று வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் உப்பு வாங்க பாக்கியம் அக்காவோடு ஈப்போவுக்குப் புறப்பட்டேன். என் தோளில் தூங்கிய வசந்தா, பாலத்தில் சிப்பாயின் அதட்டல் கேட்டு விழித்தாள். விழித்ததும் குனிந்தாள். சிப்பாய் வாய்விட்டுச் சிரித்தான். தானும் அவளுக்குக் குனிந்து காட்டினான். அவள் மறுபடி குனிந்தாள். மறுபடி, மறுபடி. கண்கள் மேலே செருகின. அவன் சிரிப்பு நின்றது. குழந்தையின் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். அவன் பிடிக்குள்ளேயே அந்தக் கை வெட்டியது.

“பியோக்கி! பியோக்கி!” என்று கத்தினான்.

“என்னா சொல்றான்?” என்றார் பாக்கியம் அக்கா.

கட்டாய ஜப்பானிய மொழி வகுப்பில் நான் படித்த சொல் அது. “நோவுன்றான்க்கா.”

நாங்கள் கூடி நின்று கைதட்டி ரசித்தது என் மகளின் நோயையா?

உப்பை மறந்து ஈப்போவில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரிடம் ஓடினோம். அவர் குழந்தையை நெடுநேரம் பார்த்தார்.

“எழும்பின உடனே வருதோ, பிள்ளை? ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வருதோ?”

“ஆமா டாக்டர்.”

“இது வலிப்பு. கைக்குழந்தையளுக்கு வாற ஒரு வகை. புத்தகத்திலதான் படிச்சிருக்கிறன். ஆராய்ஞ்சவைக்கே ஏன் வருது எண்டு இன்னும் பிடிபடேல்ல. இருந்த வலிப்பு மருந்தையும் பட்டாளம் எடுத்திட்டுது. அது இருந்திருந்தாலும் இதுக்குக் கேக்கிறது அருமை.”

“என்னையப் பார்ப்பாளா டாக்டர்?”

அவர் வசந்தாவின் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து மாரியம்மன் முன்னால் போய் விழுந்தேன். “நடக்காவிட்டாலும் போகட்டும், பேசாவிட்டாலும் போகட்டும். என்னைப் பார்க்கட்டும் தாயே” என்று கேட்டேன். இப்படிச் சுருக்கிக் கேட்டது சரிதானா, எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டுமோ என்று வீடு திரும்பும் வரை குழம்பினேன்.

பங்குனியில் தோட்டத்தில் மணல்வாரி அம்மை பரவியது. வசந்தாவுக்கும் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. காப்பாற்றக் கூப்பிட்டேன், இப்படியா வந்து இறங்குவாய் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பாக்கியம் அக்கா வாசலில் வேப்பிலை செருகிக்கொண்டிருந்தார்.

“ஆத்தா வந்திருக்கிற வீட்ல கத்தாத தங்கச்சி. புள்ளைய குளுமையா வச்சுக்க.”

ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். தாய்ப்பாலைப் பிழிந்து சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். பிழைப்பாள் என்று நான் நம்பவில்லை.

காய்ச்சல் இறங்கிய மறுநாள் காலை விழித்தாள். நான் அவள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வலிப்பு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான் அழுதேன்.

“அதான் வரலையே, அப்புறம் ஏன் அழுவுற?” என்றார் பாக்கியம் அக்கா.

“நாளைக்கு வந்துடுமோன்னுதான்க்கா.”

“நாளைக்கு அழுவுறத நாளைக்கு அழுவலாம். இப்ப மூஞ்சியக் கழுவு.”

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட நீரை ஊற்றினேன். வசந்தா மூச்சடைத்துத் திணறினாள். ஊற்றியது யார் என்று தேடுவதுபோல் தலையைத் திருப்பினாள். என் முகத்தில் வந்து நின்றன அவள் கண்கள். விலகவில்லை. என்னைப் பார்த்து, என்னிடமே புகார் சொல்வதுபோல் அழுதாள். நான் சொம்பைக் கீழே போட்டுவிட்டேன்.

டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “எனக்கு விளங்கேல்ல, பிள்ளை. இதே அம்மை எத்தனை பிள்ளையளக் கொண்டுபோட்டுது” என்றார். உண்மைதான். எங்கள் லயத்திலேயே குழந்தைகள் போயின. என் மகளை மட்டும் ஆத்தா ஏன் விட்டாள் என்று எனக்கும் தெரியாது. நன்றி சொல்லும்போதெல்லாம் அந்தக் குழந்தைகளின் நினைவும் வருகிறது.

இப்போது ஜப்பான்காரன் போய்விட்டான். வசந்தாவுக்கு மூன்று வயது முடிந்தது. பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். நாலைந்து சொற்கள் பேசுகிறாள். வலிப்பு திரும்பவில்லை. முன்பெல்லாம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று சாமியிடம் கணக்குப் பார்ப்பேன். இப்போது எதையும் மறைக்காமல் சொல்கிறேன், கோபத்தையும் சேர்த்து.

கோயிலுக்கு வரும் சகோதரிகளே, கைக்குழந்தை விழித்ததும் புதிதாக எதையாவது திரும்பத் திரும்பச் செய்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். ஆத்தாளிடமும் சொல்லுங்கள், அவளை நம்புங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். வசந்தா என் மடியில் இருப்பாள். உங்களையும் பார்ப்பாள்.