மழைக்கு அரைப்பேர்

போன வாரம் ஒரு குண்டு பல்புக்காக ஊட்டி மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியாகப் போன கடையில் இருந்தவர், "அதெல்லாம் இப்ப யாருங்க வாங்கறாங்க, எல்இடி எடுத்துக்குங்க, கரண்டு மிச்சம்" என்றார். எனக்கு வெளிச்சம் வேண்டாம், சூடுதான் வேண்டும் என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மலைக்குப் புதிது போலிருக்கிறது. இங்கே பழைய வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு வைப்போம். அந்த வெதுவெதுப்பில்தான் பட்டுப் புடவையும் கல்யாண ஆல்பமும் பூசணம் பிடிக்காமல் பிழைக்கும். எல்இடி விளக்கு பிரமாதமாகத்தான் எரிகிறது. பக்கத்தில் வைத்த கைக்குட்டைகூடக் காய்வதில்லை. எரிச்சலோடு வெறுங்கையாகத் திரும்பி வந்தேன். வரும் வழியெல்லாம் எங்கள் நூலகத்துப் பீரோக்களும், கதவிடுக்கில் கசியும் அந்த மஞ்சள் வெளிச்சமும், மஞ்சூர் அக்காவும்தான் நினைவில் இருந்தார்கள்.

ஊட்டியில் மலைப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் நூலகத்தில் உதவியாளராக என் பாதி ஆயுள் கழிந்தது. நூலகர், நான், ஒப்பந்தத்தில் வந்த மஞ்சூர் அக்கா, இவ்வளவுதான் எங்கள் ராஜ்ஜியம். நூலகரை நாங்கள் சார் என்போம். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். அக்கா தினமும் மஞ்சூரிலிருந்து பஸ் பிடித்து வருவார். அந்த மலைப்பாதையின் வளைவுகளில் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்து இறங்குகிற மனிதர்கள் நடுவே, அவர் மட்டும் வெற்றிலை போட்ட உதட்டோடு பூவைச் சரிசெய்தபடி இறங்குவார். வயதில் என்னைவிட மூத்தவர், வேலையில் எனக்குக் கீழே. அதனால் சார் முன்னால் என்னை மேடம் என்பார், சார் அந்தப் பக்கம் போனதும் தங்கச்சி என்பார். வேலை சொல்வது பெரும்பாலும் அவர்தான், செய்வது நான். இதில் எனக்கு ஆரம்பத்தில் கோபம் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அக்காவின் அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கப்பலேறி வந்து, இங்கேயும் தேயிலையே கிள்ளியவர். அந்த வீட்டுப் பேச்சில் அந்தத் தோட்டம் அப்படியே இருந்தது. ஒரு நாள் முழுக்க வேலை செய்தால், வேலையை மேற்பார்க்கும் கங்காணி கூலிக் கணக்கில் முழுப்பேர் போடுவார். மழை வந்து பாதியில் கலைந்தால் அரைப்பேர். வீட்டில் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவு. நான் கொண்டுபோன சாம்பாரில் உப்பு குறைந்தால் அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அரைப்பேருதான் தங்கச்சி" என்று மூடியைத் திருகிவிடுவார்.

நான் சொல்லும் அந்த வருஷம், தலைமையகம் எல்லா நிலையங்களின் நூலகத்தையும் ஒரே கணினி முறைக்குள் கொண்டுவரச் சொன்னது. புத்தகங்கள் சுலபமாகப் போய்விட்டன. சிக்கல் ஆய்விதழ்களில்தான். ஒரு இதழ் எங்களிடம் எந்த வருஷம் தொடங்கி எந்த வருஷம் வரை இருக்கிறது, நடுவில் எது இல்லை என்கிற விவரத்தைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றவேண்டும். ஒரு வீட்டில் யார் எப்போது குடிவந்தார்கள், எப்போது காலி செய்தார்கள் என்கிற கணக்கு மாதிரிதான். அதைப் பார்த்துத்தான் எந்த நிலையத்தில் இதழ்ப் பிரிவு நீடிக்கவேண்டும், எங்கே மூடலாம் என்று முடிவு செய்யப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். பிரிவு நீடித்தால் அக்காவுக்கு நிரந்தர வேலை. மூடினால் அவருடைய ஒப்பந்தம் அதோடு சரி.

வேலை போனால் வேறு வேலை என்று விட்டுவிடும் நிலையில் அக்கா இல்லை. அவருடைய அம்மாவுக்குத் தோட்டத்தில் ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. ஓய்வு பெற்றால், தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்யவேண்டும். பிறந்ததிலிருந்து லயத்தைத் தவிர வேறு கூரை அறியாத அந்த அம்மாவை ஊட்டியில் ஒரு வாடகை வீட்டில் கொண்டுவந்து வைக்க, மகளுக்கு நிலையான வேலை வேண்டும். அக்கா இதைப் புலம்பலாகச் சொன்னதே இல்லை. "அம்மாவுக்கு ஒரு ஜன்னல் வச்ச வீடு பாக்கணும்" என்பார், அவ்வளவுதான்.

ஆனி கடைசியில் அக்கா எல்லாவற்றையும் மாற்றி முடித்தார். திரையில் பச்சை எழுத்தில் வெற்றி என்று வந்தது. சார் தன் கையால் பேக்கரியில் வர்க்கி வாங்கிவந்து கொடுத்தார். அவர் வாங்கிக்கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆடி பிறந்து, குந்தா பக்கம் பேய்மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் தலைமையகத்திலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன். உங்கள் நிலையத்தில் பெரும்பாலான இதழ்கள் பல வருஷங்களுக்கு முன்பே நின்றுபோயிருக்கின்றன, இப்படிப்பட்ட தொகுப்பை அங்கே வைத்துப் பராமரிப்பதில் பொருள் இல்லை, அறையைப் பயிற்சிக் கூடமாக மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த அதிகாரி மிகவும் மரியாதையாகச் சொன்னார். இல்லைங்க, எல்லாம் இங்கே கண் முன்னால் அடுக்கியிருக்கிறது என்றேன். "சிஸ்டத்துல அப்படித்தானே மேடம் காட்டுது" என்றார். மாதக் கடைசிக்குள் திருத்தம் இருந்தால் அனுப்பலாம் என்றார்.

தலைமையகம் அனுப்பிய பட்டியலை அச்செடுத்துக்கொண்டு இதழ் அறைக்குள் போன அக்கா, நின்றுபோனதாகச் சொன்ன இதழ்களின் தொகுதிகளை ஒவ்வொன்றாக உருவி மேஜையில் டமார் டமார் என்று போட ஆரம்பித்தார். பூசணமும் தூசியும் கிளம்பி எனக்குத் தும்மல் வந்தது. "இந்தா இருக்கு. இந்தா இதுவும் இருக்கு. இல்லங்குறான் பாரு" என்று அறைக்குள்ளேயே சண்டை போட்டார். சார் பீரோ மேல் கை வைத்தபடி நின்றார். "ஏனுங்க அம்மிணி, நாம எங்கீங்க தப்புப் பண்ணுனோம்" என்று என்னைக் கேட்டார். எனக்கு அவர்மேலும் கோபம், தலைமையகத்தின் மேலும் கோபம், அன்றைக்குப் பெய்த மழைமேலும் கோபம்.

பட்டியலில் ஒரே ஒரு இதழ் மட்டும் முதல் வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை முழுசாக இருந்தது. குன்னூரிலேயே அச்சாகும் ஒரு தேயிலைக் காலாண்டிதழ். அதை நான் படித்துக் காட்டியதும் சார், "அது தபால்ல வர்றதில்லீங்களே, நம்ம ஜீப்புலதானுங்க வருது" என்றார். சும்மாதான் சொன்னார். மேஜைக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. "அப்ப அதுக்கு நாம மழை போட்டதே இல்லையே சார்" என்றார்.

மழை போடுவது எங்கள் நூலகத்து வழக்கம். மற்ற இதழ்கள் எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து தபாலில் மலையேறி வரவேண்டும். ஐப்பசி மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் தபால் கீழேயே கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் ஒரு நாள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதனால் அந்த மாதங்களில் இதழ் வராவிட்டால் எங்கள் சார் அதை வரவில்லை என்று எழுதவிடமாட்டார். "பொங்கல் கழியற வரைக்கும் எதையும் காணோம்னு சொல்லக்கூடாதுங்க" என்பது அவருடைய சட்டம். அதற்குப் பதில் அந்த வருஷத்துக்குப் பக்கத்தில் மழை என்று போட்டு வைப்போம். இதழ் பிற்பாடு வந்து அலமாரியில் ஏறிவிடும். எழுதிய மழையை மட்டும் யாரும் அழிப்பதில்லை. பழைய கணினி அதைக் கண்டுகொள்ளவுமில்லை. அதில் ஊறுகாய் என்று எழுதியிருந்தாலும் பேசாமல் ஏற்றுக்கொண்டிருக்கும்.

அக்கா கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு இதழுக்கும் முதல் மழை எந்த வருஷம் என்று வாசித்தார். நான் தலைமையகப் பட்டியலில் அது எந்த வருஷம் நின்றது என்று பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. புதிய முறை வருஷங்களை மட்டுமே படிக்கும். படிக்கத் தெரியாத சொல் ஒன்று வந்ததும், அதற்குப் பின்னால் இருந்த அத்தனையையும் விட்டுவிட்டது. அக்கா நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "கங்காணி வேல பாத்துருக்கு தங்கச்சி இந்த மிசினு. மழ பேஞ்சுச்சா, அரைப்பேரு போட்டு எல்லாரையும் ஊட்டுக்கு அனுப்பிருச்சு" என்றார். சார் முன்னாலேயே தங்கச்சி என்றுவிட்டதை அவரும் கவனிக்கவில்லை, சாரும் கவனிக்கவில்லை.

மழையை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி அனுப்பினால் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. தாமதமாக வந்தவை போக, வராமலே போனவையும் அந்த மழைக்குள் இருந்தன. எது வந்தது, எது வரவில்லை என்பதை அலமாரியில் கையால் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த நேரத்தில் மஞ்சூர்ப் பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. அக்கா என் வீட்டிலேயே தங்கினார். என் சமையலுக்குத் தினமும் பேர் போட்டார். முழுப்பேர் அநேகமாக வரவில்லை. காலையில் இருவரும் குடைக்குள் இடித்துக்கொண்டு நூலகம் போவோம். பீரோக்களைத் திறந்தால் பல்பின் சூடு முகத்தில் படும். விரல் விறைத்தால் கொஞ்ச நேரம் பல்புக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு மறுபடி தொகுதிகளைப் புரட்டுவோம். நான் வாசிக்க, அக்கா தட்டச்சு செய்ய, எடுத்ததைத் திரும்ப அடுக்குவது சார்.

அப்படிப் பார்த்துக்கொண்டு போகையில் மண்ணியல் இதழ் ஒன்றில், மழை போட்டிருந்த ஓர் இதழ் அலமாரியில் இல்லை. பல வருஷத்துக்கு முந்தியது. இல்லை என்று போடப்போன அக்காவைச் சார் தடுத்தார். "இருக்கட்டுமுங்க. அது வருமுங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "இல்லாதத இருக்குன்னு சொன்னா, இருக்குறதயும் நம்ப மாட்டாங்க சார்" என்றார், குரலை உயர்த்தாமல். சார் அக்காவை எழுந்திருக்கச் சொல்லி, தானே உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, இல்லை என்று தட்டினார். அதற்குப் பின் வந்த இல்லைகளை எல்லாம் அவரே கேட்டு வாங்கித் தட்டினார்.

மாதம் முடியுமுன்பே அனுப்பிவிட்டோம். இந்த முறையும் பச்சை எழுத்து வந்தது. இந்த முறை யாரும் வர்க்கி வாங்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் மூன்று பேரும் அதைப் பார்ப்போம், யாரும் எடுக்கமாட்டோம். கரண்டு போயிருந்த ஒரு மத்தியானம் தலைமையகத்திலிருந்து அந்த அதிகாரியே பேசினார். உங்கள் இதழ்கள் முழுசாக வந்துவிட்டன, எது இல்லை என்பதையும் இவ்வளவு துல்லியமாக எந்த நிலையமும் கொடுக்கவில்லை, இதழ்ப் பிரிவு அங்கேயே இருக்கட்டும் என்றார். நான் போனை வைத்துவிட்டு, இரண்டு பேரையும் பார்த்துத் தலையை ஆட்டினேன். என் ஜென்மத்தில் நெஞ்சு அவ்வளவு லேசாக இருந்ததில்லை. என் கல்யாணம் நிச்சயமான அன்றுகூட இல்லை. சார் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

அக்கா தோட்டத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு மேல் அம்மா கத்திப் பேசுவது எங்களுக்கும் கேட்டது. வேலை என்ன ஆயிற்று, நிரந்தரம் என்றார்களா, சம்பளம் எவ்வளவு, எதையும் அந்த அம்மா கேட்கவில்லை. "அரைப்பேரா, முழுப்பேரா?" என்று மட்டும் கேட்டார். "முழுப்பேரும்மா" என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் அழுதார். அழுதுகொண்டே என்னைப் பார்த்து, டீ போடு தங்கச்சி என்று கையைக் காட்டினார். போட்டேன்.

அடுத்த வருஷம் அவர்கள் ஊட்டியில் குடிவந்தார்கள். ஜன்னல் வைத்த வீடுதான், ஆனால் சுவரெல்லாம் ஈரம். பால் காய்ச்சிய அன்று எல்லோரும் பாத்திரம் கொண்டுபோனார்கள், நான் குண்டு பல்புகள் ஒரு பெட்டி கொண்டுபோனேன். அந்த அம்மா கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரை அங்கேயே இருந்தார். சார் ஓய்வு பெற்றுக் கோபிக்கே போய்விட்டார். நான் வயது வருமுன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அந்த நூலகத்தை இப்போது பார்த்துக்கொள்வது அக்காதான். ஈரத்தை இழுக்க மெஷின் வந்துவிட்டதாம். பீரோக்களில் பல்ப் எரிவதில்லையாம்.

மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அன்று அவருக்குப் போன் செய்து, பல்ப் கிடைக்காத கதையைச் சொன்னேன். "நீ குடுத்த பொட்டியில ஒண்ணு மிச்சம் இருக்கு தங்கச்சி, கொண்டாந்து தாரேன்" என்றார். நேற்று மழையில் நனைந்தபடி வந்து, முந்தானையில் சுற்றியிருந்த பல்பை என் கையில் கொடுத்து, டவுன் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று உட்காராமலே போய்விட்டார். இத்தனை வருஷத்துப் பல்ப், எரியுமோ எரியாதோ என்று பயந்துகொண்டேதான் மாட்டினேன். எரிந்தது. கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பீரோவின் தகரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குள் அக்கா பஸ்ஸிலிருந்து கூப்பிட்டு, "என்னா தங்கச்சி, அரைப்பேரா?" என்றார்.

"முழுப்பேருங்கக்கா" என்றேன்.