அம்மா உயரத்துக்கு ஒரு பொம்மை

எங்கள் வீட்டில் கொஞ்ச நாளைக்கு இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். ஒருத்தி சமைப்பாள், திட்டுவாள், தலைவாரி விடுவாள். இன்னொருத்தி நடுவீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, கண் இல்லாமல், சும்மா உட்கார்ந்திருப்பாள்.

வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாகி விசாவும் வந்திருந்தது. ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அம்மா மேல் கால் போடாமல் எனக்குத் தூக்கம் வராது. அவள் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கிய அன்று நான் அழுத அழுகையில், அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தாராம். இப்படிப்பட்ட பிள்ளையை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் அந்தத் துணிப்பொம்மை.

பழைய போர்வையைத் தரையில் விரித்து அம்மா அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டாள். அப்பா சாக்பீஸால் அவளைச் சுற்றிக் கோடு போட்டார். கூச்சத்தில் அம்மா சிரித்தாள், அப்பா சிரிக்கவில்லை. எனக்கு அது ஏதோ விளையாட்டாகத் தெரிந்தது. எனக்கும் கோடு போடச் சொல்லி நானும் படுத்துக்கொண்டேன்.

அப்பாவின் அக்கா, எறையூர் அத்தை, கொடுத்தனுப்பிய பருத்தியில் கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே அடைத்தோம். வீடு முழுக்கப் பஞ்சு பறந்தது. ஜன்னல் வெயிலில் அது கீழே இறங்காமல் மிதப்பதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது நினைத்தாலும் அந்த நாட்களெல்லாம் பஞ்சுக்குள் நடந்ததுபோலத்தான் இருக்கின்றன.

அம்மா தான் கட்டியிருந்த புடவையையே அவிழ்த்துப் பொம்மைக்கு, துவைக்காமல் சுற்றிவிட்டாள். அழுக்குப் புடவையையா கட்டுவது என்று நான் கோபித்துக்கொண்டேன். அத்தை ஏமாந்தது அந்தப் புடவையால்தான். ஒரு சாயங்காலம் கரண்ட் இல்லாத நேரத்தில் வந்தவர், நாற்காலியைப் பார்த்து நெடுநேரம் குறைப்பட்டுக்கொண்டார்.

"ஏண்டி, வூட்டுக்கு வந்தவள வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? விசா வந்துட்டா வாய் போயிடுமா?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்ததும் அத்தையின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. விசா என்றால் என்னவென்று கேட்கத் தோன்றாமல் நான் உருண்டு உருண்டு சிரித்தேன்.

எல்லாம் முடிந்தும் கண் மட்டும் வைக்கவில்லை. கேட்டால், "சாமிக்கே கண்ணு கடைசியாத்தான் தெறப்பாங்க, இருடி" என்பாள். நன்றாக இருந்த பொம்மையின் கையைப் பிரித்து மறுபடி தைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நச்சரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்பு நூலைக் கையில் திணித்து உட்காரவைத்தேன். கண் வந்தது. அம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அன்று மத்தியானமே பாய் விரித்து, பொம்மையைச் சுவரோரம் கிடத்தி, "கட்டிக்கிட்டுத் தூங்கு பாப்போம்" என்றாள். கால் போட்டுக்கொண்டேன். புடவையில் முகத்தைப் புதைத்தால் அம்மா வாசனை. எனக்கு இந்தப் பக்கம் அம்மாவும் படுத்துக்கொண்டாள்.

"எப்படிடி இருக்கு?"

"உன்னவிட மெத்துன்னு இருக்கும்மா."

"அப்ப சரி."

வியாழக்கிழமை அவள் கிளம்பவேண்டும். நான் அழாமல் தூங்கவேண்டும் என்றுதான் அத்தனை தையலும் தைத்தாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவ்வளவு சீக்கிரம் நான் தூங்கிவிடுவேன் என்று மட்டும் அவள் நினைத்திருக்க மாட்டாள்.