ஓட்டு விழாதவர்களுக்கு ஒரு டீச்சர்

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் ஒருவன் மேல் உண்டு. கல்லூரியில் என்னோடு படித்தவன். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தான். அவன் எனக்குச் செய்தது துரோகம் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, டீயைக் குடித்து முடிப்பார்கள். அந்தப் பார்வை பிடிக்காமல் போய் சொல்வதையே நிறுத்திவிட்டேன். எழுதினால் யாரும் முகத்துக்கு நேராகப் பார்க்க முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்கள். நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். ஆபீஸ் விட்டதும் டவுன் பஸ் பிடித்து நண்பனின் சென்டருக்கு வந்துவிடுவேன். அங்கிருந்த ஐந்து கம்ப்யூட்டர்களில் சுவரோரம் இருந்தது என்னுடையது என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். இணையத்தில் தமிழ் எழுத ஆரம்பித்திருந்த காலம். உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் நூறு பேர் சேர்ந்து மெயிலில் பேசிக்கொள்கிற ஒரு மடலாடற்குழுவை நானும் அவனும் நடத்தினோம். எங்கள் பதவிக்கு மட்டுறுத்துநர் என்று பெயர். வீட்டில் அதைச் சொன்னபோது என் அம்மா அது என்ன வியாதி என்று கேட்டாள்.

குழுவில் மாதம் ஒரு கதைப் போட்டி வைத்தோம். பரிசு கிடையாது. ஜெயித்தவர் அடுத்த மாதத் தலைப்பைக் கொடுப்பார், அவ்வளவுதான். அமாவாசைக்குள் கதைகள் என் மெயிலுக்கு வர வேண்டும். நான் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுக் குழுவில் ஏற்றுவேன். படித்தவர்கள் பிடித்த மூன்று கதைகளுக்கு ஓட்டும், ஏன் பிடித்தது என்று ஒரு வரியும் அனுப்ப வேண்டும். பௌர்ணமிக்கு மறுநாள் முடிவு. பௌர்ணமி அன்றே சொல்லலாம்தான், ஆனால் அன்றைக்குக் கிரிவலம் வருகிற வெளியூர்க் கூட்டத்தில் எங்கள் ஊரில் தெருவைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகும், மாடிக்கு எங்கே போய்ச் சேர்வது. இன்னொரு விதியும் இருந்தது. நடத்துகிற நாங்கள் இருவரும் போட்டியில் எழுதக் கூடாது. விதியை எழுதியவன் நான். அவன் தலையாட்டினான்.

நாலு மாதம் அமர்க்களமாகப் போனது. ஐந்தாவது மாதம் கோயம்புத்தூர் மாணவி ஒருத்தியின் கதைக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. முடிவு வந்த மறுநாள் அவள் குழுவிலிருந்து விலகிவிட்டாள். ஆள் விலகினால் எங்களுக்கு மட்டும் ஒரு மெயில் வரும். மற்ற யாருக்கும் அவள் போனதே தெரியாது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"இதுக்குப் போயி ஏன்டா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? நாமளே ஒரு ஆளை உண்டாக்கி, ஓட்டு வராதவங்களுக்கு லெட்டர் போட்டுட்டா போச்சு," என்றான் நண்பன்.

அப்படிப் பிறந்தவர்தான் டீச்சர். அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மூட்டு வலி. அமெரிக்காவில் இருக்கிற மகன் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறான், ஒற்றை விரலால் தட்டுவதால் கடிதம் சின்னதாகத்தான் வரும். மூட்டு வலி நண்பனின் யோசனை. ஒற்றை விரல் என்னுடையது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. எந்த ஊர் என்று வந்தபோது நான் கொஞ்சமும் யோசிக்காமல் அடி அண்ணாமலை என்று போட்டேன். அது எங்கள் கிராமம், வாயில் அதுதான் வந்தது. வேறு எந்தப் பட்டிக்காட்டின் பெயரைப் போட்டிருந்தாலும் ஒருவரும் தேடி வந்திருக்க மாட்டார்கள். கிரிவலப் பாதையில், மாதாமாதம் ஊர் உலகமே நடந்து போகிற வழியில் கொண்டுபோய் இல்லாத ஒருத்தியைக் குடிவைத்தேன். இந்த ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் இந்த முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டான்.

கடிதங்களை எழுதியது நான். எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். கதையில் நிஜமாக நல்லதாக இருப்பதை மட்டும் டீச்சர் சொல்வார். இல்லாத ஒன்றைப் புகழ மாட்டார். சில கதைகளில் அந்த ஒரு நல்ல வரியைக் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆனாலும் தேடினேன். ஆள்தான் பொய், சொல்வதெல்லாம் நிஜம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

டீச்சருக்கு அதிகமாக வேலை கொடுத்தவர் மஸ்கட்காரர். விருத்தாசலம் பக்கத்து ஆள், அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மாதம் தவறாமல் எழுதுவார், மாதம் தவறாமல் ஓட்டு விழாது. கதை எதுவாக இருந்தாலும் கடைசிப் பத்தியில் நாலு புத்திமதி சொல்லி முடிப்பார். டீச்சர் அவருக்கு எழுதினார்: சிமெண்ட் மூட்டைகள் மேல் ஈரம் படுகிற இடம் கண்ணிலேயே நிற்கிறது, கடைசிப் பத்தி இல்லாவிட்டால் இன்னும் நிற்கும்.

அவர் டீச்சருக்குத் தனியாகப் பதில் போட்டார். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் தன் எழுத்தை இப்படிப் படித்ததில்லை என்று எழுதியிருந்தார். அடுத்த கதையில் கடைசிப் பத்தி இல்லை. பிறகு மாதம் இரண்டு மூன்று கடிதம் என்று ஒன்றரை வருடம் ஓடியது. நைட் டூட்டியில் எழுதுவது, பெண்ணின் பத்தாம் வகுப்பு, மனைவியோடு போனில் போட்ட சண்டை எல்லாம் டீச்சருக்குத் தெரியும். அதாவது எனக்குத் தெரியும். குழுவில் எனக்கும் அவருக்கும் இருந்ததெல்லாம் வணக்கம், நன்றி, இணைப்பில் கதை உள்ளது, இவ்வளவுதான்.

அந்த ஒன்றரை வருடத்தின் முடிவில் ஒரு கதை அனுப்பினார். தொழிலாளர் கேம்ப்பில் ஒருவன் லீவு கிடைப்பதற்கு முன்பே ஊருக்குப் போகிற பெட்டியைக் கட்டுகிறான். லீவு இல்லை என்றதும் பிரிக்கிறான். அடுத்த மாதம் மறுபடி கட்டுகிறான். கதை அவ்வளவுதான். படித்துவிட்டு நான் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மாதம் சிங்கப்பூர்க்கார அம்மா ஒருவரின் மாமியார்-மருமகள் கதையில் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லா ஓட்டும் அங்கே போய்விட்டது. பெட்டிக் கதைக்குப் பூஜ்யம். டீச்சர் தன் மூட்டு வலியை மறந்து ஒரு பக்கம் எழுதினார். இந்தப் போட்டிக்கு இதுவரை வந்தவற்றில் இதுதான் நல்ல கதை என்று எழுதினார். அதைப் பிரிண்ட் எடுத்து அலமாரிக் கதவுக்குள் ஒட்டிவைத்திருப்பதாக அவர் பதில் போட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். டீச்சர் இல்லை என்பது இந்த ஒரு மனிதருக்குத் தெரியக் கூடாது. குழுவில் வேறு யாருக்குத் தெரிந்தாலும் திட்டிவிட்டுப் போவார்கள். இவர் என்ன ஆவார் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் நண்பன் தன் மனைவியின் பெயரில் ஒரு கதையை அனுப்பினான். இரண்டு பத்தி படித்ததுமே அவன் எழுத்து என்று தெரிந்துவிட்டது. நடத்துகிறவர் எழுதக் கூடாது என்ற விதியைச் சொல்லிப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். நியாயம் பேசுவதில் எனக்கு அப்போது அலாதி சுகம்.

"நீ மட்டும் ஊர்லயே இல்லாத பொம்பள பேருல ரெண்டு வருஷமா எழுதலாம், நான் வீட்ல இருக்கிற பொண்டாட்டி பேருல ஒரு கதை எழுதக் கூடாதா?" என்றான்.

"அது வேற, இது வேறடா."

"உனக்கு எல்லாமே வேறதான்டா," என்று சொல்லிவிட்டுப் பிரிண்டரைத் துடைக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு பேச்சு கம்மியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மஸ்கட்காரர் லீவில் வந்தார். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறேன், டீச்சரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று எழுதினார். மகளின் பிரசவத்துக்கு ஓசூர் போகிறேன் என்று டீச்சர் பதில் அனுப்பினார். பரவாயில்லை, வீட்டையாவது பார்த்துவிட்டுப் போகிறேன், சாரைக் கூட வரச் சொல்லியிருக்கிறேன் என்று மறு மெயில் வந்தது. சார் என்பது நான்.

மானத்தை விட்டு நண்பனிடம் போய் நின்றேன். "என் மேல என்ன கோவம் வேணா இருக்கட்டும். அந்த ஆளுக்கு மட்டும் சொல்லிடாத."

"நான் ஏன்டா சொல்லப் போறேன்," என்றான். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

பௌர்ணமி அன்று விடிந்தும் விடியாததுமாக ராஜகோபுரத்துக்கு எதிரே மஸ்கட்காரர் நின்றிருந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம், முன்தலையில் முடி கம்மி. கையில் ஒரு துணிப்பை. செருப்பை லாட்ஜிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கும்பலோடு நடக்க ஆரம்பித்தோம். அவர் அதிகம் பேசவில்லை. நான்தான் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். டீச்சருக்கு உடம்பு இப்போது தேவலை, மகன் அடுத்த வருடம் வருகிறான், உங்களைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. ஒவ்வொரு லிங்கமாகக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து நான் விட்ட இடத்திலிருந்து கேட்பதற்குத் தயாராக நின்றார்.

அடி அண்ணாமலை வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கோயிலைத் தாண்டி ஒரு சந்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்ட ஒரு குடும்பத்தின் வீடு அங்கே பூட்டிக் கிடப்பது எனக்குத் தெரியும். அதைக் காட்டி, இதுதான் என்றேன்.

அவர் வாசலில் போய் நின்றார். பூட்டைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன், பூட்டுக்கும் நாதாங்கிக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது.

"டீச்சர் போயி ரொம்ப நாளாச்சுங்களா சார்?"

"மூணு நாள்தாங்க," என்றேன்.

அவர் இன்னொரு தடவை பூட்டைப் பார்த்தார். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு தைல டப்பாவை எடுத்தார். "மூட்டு வலிக்கு இது கேக்கும்னு அங்க சொன்னாங்க. டீச்சர் வந்ததும் நீங்களே குடுத்துடுங்க."

"கண்டிப்பா," என்று வாங்கிக்கொண்டேன்.

மிச்சப் பாதையையும் சேர்ந்தே நடந்து முடித்தோம். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பெரிய கண்டத்திலிருந்து தப்பித்த மாதிரி இருந்தது. மறுநாள் உற்சாகமாகச் சென்டருக்குப் போய் நண்பனிடம், ஒரு வழியாக ஆள் வந்து போயாச்சு, சமாளித்துவிட்டேன் என்றேன்.

அவன் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "வந்தாரா? நான் பத்து நாள் முன்னாடியே மெயில் போட்டுட்டேனே. டீச்சர்னு யாரும் இல்ல, எழுதறது எல்லாம் நீதான்னு."

அன்று அந்தப் படியில் இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. அவனோடு பேசியும் இருபது வருடமாகிறது. சொல்ல மாட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னானே, அப்போதே சொல்லியாகிவிட்டிருந்தது. இதைத் துரோகம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது. மஸ்கட்காரர் மேலும் கோபம் வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே என் வாயைப் பார்த்துக்கொண்டு வந்தாரே, பைத்தியக்காரன் மாதிரி என்னைப் பேசவிட்டாரே என்று பொருமினேன். பதினாலு கிலோமீட்டர் அவர் எதற்காக என் கூட நடந்தார் என்று எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. எந்த இடத்திலாவது நானே சொல்லிவிடுவேன் என்று பார்த்திருக்கிறார். சிலந்தி வலையைக் கண்ட பிறகும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

வேறு ஒரு சென்டரில் உட்கார்ந்து டீச்சரின் மெயிலைத் திறந்தேன். அவரிடமிருந்து ஒன்று வந்திருந்தது. டீச்சருக்குத்தான் எழுதியிருந்தார், எனக்கு அல்ல.

டீச்சருக்கு வணக்கம், உங்கள் வீட்டுக்கு வந்தேன், நீங்கள் இல்லை, ஒன்று மட்டும் தெரிய வேண்டும், பெட்டிக் கதை நல்ல கதை என்று எழுதினீர்களே, அது ஓட்டு விழாததற்காக எழுதியதா.

டீச்சர் பெயரில் பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன். என் பெயரில் எழுதினேன். அந்தக் கதை நிஜமாகவே நல்ல கதை என்று ஒரே வரி. அனுப்புவதற்கு முன் இன்னொரு தடவை படித்தேன். மூணு நாள்தாங்க என்று சொன்ன அதே ஆள் சொல்கிற வரி அது. அதையும் அழித்துவிட்டேன். அந்த வாரமே அவர் குழுவிலிருந்து விலகிவிட்டதாக மெயில் வந்தது. இரண்டு மாதத்தில் போட்டியையும் நிறுத்தினேன்.

தைல டப்பா இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. போன வருடம் எனக்கே முட்டி வலி வந்தது. மனைவி அதை எடுத்துத் தடவிக்கொள்ளச் சொன்னாள். அது வேறொருவருடையது என்றேன்.