நாலரை மணித் துடுப்பு

நான் சத்தியம் செய்து எதையும் சொல்லப்போவதில்லை. சத்தியம் செய்கிற தகுதி எனக்கு இல்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். ஆனால் தேதியும் நேரமும் என்னிடம் இருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கராகப் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவனுக்கு, மணி பார்த்துக் குறித்து வைக்கிற பழக்கம் லேசில் போகாது. அந்தக் குறிப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பேய் என்றால் நடுச்சாமத்தில் வரும் என்பார்கள். எனக்கு நடந்தது எல்லாம் சாயங்காலம் நாலரை மணிக்கு. எங்கள் வீட்டு முன்னறையில்.

என் பெயர் யேசுரட்ணம். இலங்கை மலைநாட்டில், நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் பெயர் வேண்டாம். 1957 பெப்ரவரி பதினெட்டாம் தேதி, தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி விழுந்தேன். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் காலைக் கட்டித் தொங்கவிட்டுக் கிடந்தேன். மே மாதக் கடைசியில் கைத்தடியோடு வீடு வந்தபோது, வலது கால் சூம்பிப்போய் ஒரு பிள்ளையின் கால்போல இருந்தது. ஊன்றினால் மடங்கியது.

அதே வாரம் தோட்டத்தை நடத்தப் புது துரை வந்தார். வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார். ஜூலை பதினைந்து, திங்கட்கிழமை. தடி இல்லாமல் தொழிற்சாலையின் மேல்மாடிவரை ஏற வேண்டும். ஐம்பத்திரண்டு படி. ஏற முடியாவிட்டால் வேறு டீமேக்கர் வருவார். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

காலி செய்துவிட்டு எங்கே போவது? எங்கள் இலங்கைக் குடியுரிமை மனுவை நிராகரித்து வந்த கடிதம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. இந்தியாவில் எங்கள் தாத்தா பிறந்த ஊரின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. பிள்ளைகள் இல்லை. நானும் என் மனைவி ஐவியும்தான்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் அலோசியஸ் காலைத் தடவிப் பார்த்தார்.

"சதை வந்தாத்தான் கால் நிக்கும். நடங்க."

வெளியே ஜூன் மாதத்து மழை. மலைப்பாதை முழுக்கச் சேறு. தடியோடு பத்தடி நடக்க முடியாது. அப்போதுதான் அவருக்கு அந்த மெஷின் ஞாபகம் வந்தது. சீமைக்குத் திரும்பிப்போன பழைய துரையுடையது. படகு வலிப்பதுபோல வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வலிக்கிற மெஷின். பங்களாவில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது.

ஜூன் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, பங்களாவின் சமையற்காரர் பழனியாண்டி இரண்டு ஆட்களோடு அதைக் கொண்டுவந்து இறக்கினார். ஆறடி நீள மரச்சட்டம். அதன் மேல் இரண்டு இரும்புத் தண்டவாளம். அதில் முன்னும் பின்னும் ஓடுகிற சின்ன மர இருக்கை. பாதத்தைக் கட்ட தோல் வார். இரண்டு பக்கமும் துடுப்புப் பிடிபோல இரண்டு மரக் கைப்பிடிகள். அவை எண்ணெய் நிரப்பிய இரும்புக் குழாய்களோடு மாட்டியிருந்தன. இழுத்தால் கனக்கும்.

பழனியாண்டி அதில் உட்காரவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து செய்து காட்டினார்.

"மொதல்ல காலால தள்ளணுங்கய்யா. காலு நீண்ட பொறவு முதுகு சாயணும். கடைசியாத்தான் கை நெஞ்சுக்கு வரணும். திரும்பிப் போறப்ப தலகீழா... கை, முதுகு, முழங்காலு. கையால மட்டும் இழுத்தீங்க, முதுகு போயிரும்."

"எவ்வளவு நேரம்?"

"மொத வாரம் அஞ்சு நிமிசம் போதுங்க. அவசரமே வேணாம். நிமிசத்துக்கு இருவது தடவ."

"துரை தினமும் வலிப்பாரா?"

அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"துரசாணியம்மா இருந்தவரைக்கும் வலிச்சாருங்க."

மழை வலுக்குமுன் போக வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார்.

தொழிற்சாலையில் நாலரைக்குச் சங்கு ஊதும். அந்தச் சத்தம் கேட்டதும் உட்கார்ந்தேன். பாதத்தைக் கட்டினேன். தள்ளினேன். 'க்ரீ...ச்' என்று இருக்கை பின்னால் ஓடியது. 'டப்' என்று கைப்பிடி வந்து நின்றது. பன்னிரண்டாவது தடவையில் கண் இருட்டியது. வலது தொடை நடுங்கியது. அழுகை வந்தது. ஐவி சமையலறையிலிருந்து ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

"பன்னெண்டுதானே? நாளைக்குப் பதிமூணு வலிங்க" என்றாள்.

மறுநாள் முப்பது வலித்தேன்.

அதற்கு மறுநாள் ஐம்பத்தைந்து. வலி இல்லை. மூச்சு வாங்கவில்லை. ஒரு வாரத்துக்குள் வலது காலை ஊன்றி நிற்க முடிந்தது. ஐவி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஜூன் பத்தாம் தேதி அலோசியஸ் வந்தார். வரும்போதே ஒரு டப்பா களிம்பு கொண்டுவந்தார். புதிதாக வலிக்கிறவர்களுக்குக் கையில் கொப்புளம் வருமாம். என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். வழவழவென்று இருந்தன. ஒரு சிவப்புக்கூட இல்லை.

"அதிசயமா இருக்கே" என்றார்.

அவர் போன பிறகு ஐவி வந்தாள்.

"அந்தக் களிம்பக் கொஞ்சம் எனக்குத் தாங்க."

இரண்டு கைகளையும் விரித்தாள். எட்டு விரல்களின் அடியிலும் எட்டுக் கொப்புளங்கள். இரண்டு உடைந்திருந்தன.

"என்னது இது?"

"தெரியலங்க. அம்மிக் குழவியா இருக்கும்."

நான் நம்பினேன். நம்ப வேண்டும் என்று இருந்தது.

ஜூன் இருபத்தொன்று. நாலு முப்பத்தாறு. அன்றைக்கு மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நூற்றுப் பத்தாவது தடவை வலிக்கும்போது ஒரு சத்தம் கேட்டேன். சமையலறையில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். நான் இழுக்கும்போது 'ஹ்ஹா'. விடும்போது 'ஹ்ம்'. ஒவ்வொரு தடவையும்.

நான் நிறுத்தினேன்.

ஒரு மூச்சு கழித்து அதுவும் நின்றது.

சட்டத்தை அப்படியே நகர்த்திச் சமையலறைக் கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டேன். ஐவி எனக்கு முதுகைக் காட்டி அரிசி களைந்துகொண்டிருந்தாள். மெதுவாக ஒரு தடவை வலித்தேன். அவளுடைய தோள்கள் இரண்டும் பின்னால் வந்தன. முழங்கை மடங்கியது. சட்டியில் இருந்த அரிசி கீழே கொட்டியது. நான் விட்டேன். தோள்கள் முன்னால் போயின.

"ஐவி! என்ன செய்றே?"

திரும்பினாள். முகம் முழுக்க வியர்வை. அந்தக் குளிரில்.

"ஒண்ணுமில்லையே. அரிசிதான் களஞ்சிக்கிட்டு இருக்கேன்."

காலடியில் கொட்டிக் கிடந்ததை அவள் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் அவளை வலப்பனைக்கு அனுப்பினேன். அங்கே அவளுடைய தங்கை டோரீன் இருந்தாள். இரண்டு நாள் தங்கட்டும், உடம்பு தேறட்டும் என்றுதான் அனுப்பினேன். அன்று நாலரைக்குச் சங்கு ஊதியது. உட்கார்ந்தேன். காலைக் கட்டினேன்.

ஒரு தடவைகூட இழுக்க முடியவில்லை. கைப்பிடி பாறைபோல இருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன். வலது கால் துணிபோல மடங்கிவிட்டது. இரவு எட்டு மணிவரை தரையிலேயே கிடந்தேன். தவழ்ந்துபோய்த்தான் கட்டிலைப் பிடித்தேன். அடுத்த நாளும் அப்படியே.

ஜூன் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரைக்கு ஐவி திரும்பி வந்தாள். அவள் வாசல்படி ஏறிய நிமிஷம் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். தடி இல்லாமல்.

அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். முகத்தில் புது இரத்தம் ஊறியிருந்தது.

"அங்க இருந்தப்ப ஒடம்பு பஞ்சு மாதிரி லேசா இருந்துச்சுங்க. கை வலியும் இல்ல. இன்னும் ரெண்டு வாரம் தங்கிட்டுப் போன்னு டோரீன் கெஞ்சுறா. போகட்டுமா?"

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இதை நான் மறைக்கப்போவதில்லை. தெரியாமல் செய்தேன் என்று பிற்பாடு கோயில் பாதிரியாரிடம் சொன்னது பொய். வாசலில் நின்ற அந்த நிமிஷத்திலேயே எனக்குத் தெரியும். ஜூலை பதினைந்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"வேணாம்" என்றேன்.

"ஏங்க?"

"வேணாம்னா வேணாம்."

அவள் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அன்றிலிருந்து நான் கதவை மூடிக்கொண்டு வலித்தேன். நூற்று ஐம்பது. நூற்று எழுபது. இருநூறு. மூச்சுச் சத்தம் கேட்கக்கூடாது என்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். என் தொடையில் சதை ஏறியது. அவளுடைய வளையல்கள் மணிக்கட்டில் நிற்காமல் கழன்று விழுந்தன. அலோசியஸ் அவளுக்கு இரும்புச்சத்து மருந்து கொடுத்தார். ஜூலை பத்தாம் தேதி அவள் அடுப்படியில் விழுந்தாள். பதினொன்றாம் தேதி முதல் படுக்கையை விட்டு எழவில்லை.

பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, இருநூற்று நாற்பது வலித்தேன். மூச்சுக்கூட வாங்கவில்லை.

அன்று இரவு அவள் கேட்டாள்.

"என்னங்க... தெனம் சாயங்காலம் யாரோ என்னயத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க. கரையே தெரியல. நீங்களும் வர்றீங்களா அதுல?"

நான் விளக்கை அணைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. இனி வலிப்பதில்லை என்று முடிவு செய்தேன். கால்தான் தேறிவிட்டதே, இனி அவளும் தேறட்டும் என்று நினைத்தேன். மெஷினின் மேல் சாக்கைப் போட்டு மூடினேன். முன்னறைக் கதவைச் சாத்தினேன். ஐவியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சங்கு ஊதியது. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை கிடையாது... சங்கு ஊதாது.

ஆனால் ஊதியது.

மணி நாலரை.

முன்னறையில்... 'க்ரீ...ச்.'

'டப்.'

சாத்திய கதவைப் பார்த்தேன்.

'க்ரீ...ச்... டப்.'

ஐவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். மூன்று நாளாகக் கை தூக்க முடியாதவள். கால்கள் நீண்டன. முதுகு சாய்ந்தது. கைகள் நெஞ்சுக்கு வந்தன. பிறகு கை, முதுகு, முழங்கால்.

கண்கள் மூடியே இருந்தன.

"ஐவி... ஐவி..."

தோள்களைப் பிடித்து அழுத்தினேன். என்னையும் சேர்த்து இழுத்தாள். அவ்வளவு பலம்.

வாய் மட்டும் முணுமுணுத்தது.

"எரநூத்தி நாப்பத்தொண்ணு..."

'டப்.'

"எரநூத்தி நாப்பத்திரெண்டு..."

கதவை மூடிக்கொண்டு வலிக்கத் தொடங்கிய பிறகு நான் அவளிடம் கணக்குச் சொன்னதே இல்லை.

ஓடினேன். விறகுக் கோடாலியை எடுத்தேன். முன்னறைக் கதவைத் திறந்தேன்.

சாக்கு போட்டபடியே இருந்தது.

அதன் அடியில் ஏதோ முன்னும் பின்னும் ஓடியது.

வெட்டினேன்.

தொடர்ந்து வெட்டினேன். மரம் பிளந்தது. குழாயிலிருந்து எண்ணெய் பீறிட்டது. சத்தம் நின்றது.

மணி நாலு நாற்பத்தொன்று.

திரும்பி வந்தேன். ஐவி சாய்ந்து கிடந்தாள். மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த கோடாலியைப் பார்த்தாள்.

பதினைந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு ஐம்பத்திரண்டு படியும் ஏறினேன். தடி இல்லை. துரை என் முதுகில் தட்டினார். வேலை நிலைத்தது. வீடு நிலைத்தது. உடைந்த மரத்தையெல்லாம் தொழிற்சாலை அடுப்பில் போட்டு எரித்தேன். எரித்தால் ஐவிக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. டிஸ்பென்சர் பார்த்தார், பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். நோய் என்று ஒன்றுமே இல்லை என்றார்கள். தேநீர்க் கோப்பையை அவள் கையால் தூக்கிக் குடித்து நான் பிறகு பார்க்கவில்லை. நவம்பர் ஒன்பதாம் தேதி போய்விட்டாள். சவப்பெட்டியில் வைக்கும்போது நான் ஒருவனே தூக்கினேன். கனமே இல்லை.

பழனியாண்டி அதற்கு முன்பே வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிருந்தார். இரண்டு தடவை தேடிப் போனேன். வீட்டில் இல்லை என்றே சொல்லச் சொன்னார்.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஐம்பத்திரண்டு படிகளைத் தினமும் ஏறி இறங்குகிறேன்.

இந்த வருஷம் ஜனவரியில் இடது முழங்கால் வீங்கிவிட்டது. கண்டியில் ஒரு டாக்டரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். இரண்டு காலையும் எக்ஸ்ரே எடுத்தார். படத்தைக் கண்ணாடி வெளிச்சத்தில் மாட்டினார். நெடுநேரம் பார்த்தார். இடது காலைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"வலது தொடை எப்ப முறிஞ்சது?"

"ஐம்பத்தேழுல."

"இது இன்னும் பொருந்தவேயில்லையே."

எனக்குப் புரியவில்லை. கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். எலும்பின் இரண்டு முனைகள். நடுவில் என் பெருவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு இடைவெளி. ஒன்றை ஒன்று தொடவே இல்லை.

"இந்தக் காலிலே ஒருதரும் நிக்க ஏலாது" என்றார். பிறகு கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "உம்மை இங்க ஆர் தூக்கிக்கொண்டு வந்தது?"

சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். வாசலில் பதினொரு படிகள் இருந்தன.

நடந்துதான் இறங்கினேன்.