இளநீரைத் தட்டிவிட்ட கை

சபையாருக்கு என் ஸ்தோத்திரம். மூத்திரம் என்ற வார்த்தையை இங்கே சொல்லக்கூடாது என்றால் எனக்குச் சாட்சியே கிடையாது. அதனால் சொல்லியே தீருவேன்.

1985, மழைக்காலம். என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் ஒரு ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இருதய வால்வைக் கெடுத்துவிட்டது. மாவு பிசைந்தாலே மூச்சு முட்டும். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்றார்கள். பூட்டின கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். அன்றைக்குத்தான் பயமில்லாமல் தூங்கினேன்.

மறுநாள் கட்டிலுக்குக் கீழே தொங்கின மூத்திரப் பை காலி. அடுத்த நாளும் காலி. முகமும் காலும் வீங்கின. "ஆபரேஷன்ல கிட்னி அடிபட்டுப் போச்சு" என்றார் டாக்டர். வயிற்றில் குழாய் விட்டுக் கழிவை எடுத்தார்கள். குடிக்கத் தண்ணீர் அளந்துதான். "ஒரு மடக்குத் தண்ணி தாடி" என்று கெஞ்சுவார். பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பேன். அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

அப்போது எங்கள் ஜெபக்குழுவை நடத்தின அக்கா வந்தார். பேர் வேண்டாம்.

"விசுவாசம் இருந்திருந்தா கத்தி வைக்க விட்டிருப்பியாடி? பையப் பாக்காத, ஆண்டவரப் பாரு" என்றார். ஜெபித்துக் கொண்டுவந்த இளநீரையும் தந்தார். "குளிர்ச்சி. குடிச்சதும் நீர் பிரிஞ்சிரும்."

நீர்க்கடுப்புக்கு நம் ஊரில் இளநீர்தானே? ஒரு மடக்குதானே என்று நினைத்தேன்; சந்தேகமே வரவில்லை. அவர் பேச்சுதான் சுட்டது. வராந்தாவுக்குப் போய் ஆண்டவரோடு சண்டை போட்டேன். முழங்கால் போடவில்லை, கண்ணை மூடவில்லை.

"இத்தனை பெரிய கடலைப் படைச்சீரே, இந்தப் பை நிறைய மூத்திரம் தர உம்மால முடியாதா? நான் செய்யிறது தப்புன்னா என் கையைத் தட்டிவிடும். சும்மா பாத்துக்கிட்டு இராதேயும்!"

திரும்பி வந்து இளநீரை என் வீட்டுக்காரர் வாயருகே கொண்டுபோனேன். ஓங்கி ஒரு அடி. இளநீர் தரையில் உருண்டது. எதிரே நர்ஸ்.

"எந்தா சேச்சீ, ஆளைக் கொல்லப் போறீங்களா?"

"இது ஜெபம் பண்ணின இளநீர்!" என்று கத்தினேன்.

"ஜெபம் பண்ணினா அதிலுள்ள பொட்டாசியம் போயிடுமோ?"

டாக்டர் வந்து விளங்கச் சொன்னார். கிட்னி வேலை செய்யாதபோது இளநீரில் இருக்கிற அந்த உப்பு ரத்தத்திலேயே தங்கி இருதயத்தை நிறுத்திவிடுமாம். தைத்த இருதயத்தை நானே நிறுத்தியிருப்பேன். தட்டிவிடும் என்று கேட்ட வாய் இன்னும் உலரவில்லை. ஆண்டவர் தட்டிவிட்டார்.

சில நாள் கழித்து மூத்திரப் பைக்குப் போகிற குழாயில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியது. நான் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"சத்தம் போடாதடி. மூத்திரந்தான் வந்திருக்கு, முதலமைச்சர் இல்ல" என்றார் அவர்.

இப்போது அதே ஓட்டலில் கல்லாவில் உட்காருகிறார். என் கோபம் போகவில்லை. கட்டிலோரம் வந்து விசுவாசத்தை அளக்கிறவர்கள்மேல் இன்னும் கோபம்தான். ஆனால் இப்போது அதையும் பயத்தையும் நேரே ஆண்டவரிடமே கொண்டுபோகிறேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களே, எதையும் ஊட்டுமுன் நர்ஸைக் கேளுங்கள். பயந்து கிடக்கிறவர்களே, ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் சண்டையாவது போடுங்கள். அவர் தாங்குவார்.

விடியுமுன் என் வீட்டுக்காரர் மூத்திரம் போக எழுந்து நடக்கிற சத்தம் கேட்கும். படுத்தபடியே ஸ்தோத்திரம் சொல்லுவேன்.