கட்டில் மேல் ஓர் ஆய்வு நூலகம்

எழுபதுகளின் தொடக்கத்தில், சக்குபள்ளம் பக்கத்து ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் நூலகராகச் சேர்ந்தேன். கொல்லங்கோட்டில் நெல் விளைவிக்கும் குடும்பம் எங்களுடையது. அந்த மலைக்குளிர் எனக்குப் புதிது. நூலகம் என்று காட்டியது உரக்கிடங்கை ஒட்டிய ஓர் அறை. பூச்சி, பூஞ்சை, மண் பற்றிய ஆய்விதழ்கள் கட்டுப் பிரிக்காமலே கிடந்தன. ஒரு வருடம் உட்கார்ந்து அடுக்கி, கட்டுரைக்கு ஓர் அட்டை எழுதினேன். மழைக்காலத்தில் தாள்களில் பூசணம் பிடிக்கும்; கரியடுப்பு மூட்டிக் காயவைப்பேன்.

புதிதாக வந்த நிலையத் தலைவர் ஒருநாள் கூப்பிட்டார்.

"அந்த அறை உர மூட்டைக்கு வேணும். புஸ்தகத்தையெல்லாம் தலைமை ஆபீசுக்கு அனுப்பிடுங்க. இங்க யார் வாசிக்கறது?"

"வாசிக்கறாங்க சார். அனுப்ப மாட்டனுங்க."

"மாட்டேன்னு சொல்ல நீங்க யாரு?"

"லைப்ரேரியனுங்க."

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மறுநாள் காலை இதழ்களெல்லாம் வராந்தாவில் கிடந்தன, சாரல் அடித்துக்கொண்டிருந்தது. செடிநோய்களை ஆராயும் விஞ்ஞானி ஒருவர், கம்பத்துக்காரர், கூட வந்தார். இருவருமாக, வளாகத்திலேயே இருந்த என் ஒற்றை அறைக் குடியிருப்புக்கு அத்தனையையும் சுமந்தோம். கட்டில் முழுக்க இதழ்கள்; நான் தரையில் பாய் விரித்துக்கொண்டேன். கதவில் 'நூலகம், பத்து முதல் ஐந்து வரை' என்று அட்டை மாட்டினேன்.

அரசுப் பொருள் வீட்டில் இருப்பது ஏன் என்று மெமோ வந்தது. 'நனையாமல் இருக்க. அறை தந்தால் திருப்பி வைப்பேன்' என்று பதில் எழுதினேன். இரண்டாவது மெமோவுக்கும் அதே பதில்தான். ஒரு நகலைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

"ஏம்மா, வேலைக்கு உலை வச்சிருவாங்க போலிருக்கே" என்றார் கம்பத்துக்காரர்.

"வெக்கட்டுங்க. உங்களுக்கு எந்த இதழ் வேணுமுங்க?"

இரண்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார்; கூட வந்த நிலையத் தலைவர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். இலையில் கோடு கோடாக விழும் நோயைப் பற்றிய பழைய கட்டுரை ஒன்றைக் கேட்டார். அட்டையைப் பார்த்து, அரிசிப் பெட்டிமேல் இருந்த அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நூலகம் ஏன் இங்க இருக்கு?"

"பதில் சொல்ல வேண்டியவரு வெளிய நிக்கறாருங்க."

அடுத்த வாரமே தலைவரின் விருந்தினர் அறையைக் காலி செய்து நூலகத்துக்குக் கொடுத்தார்கள். கீழ்ப்படியவில்லை என்ற கண்டிப்பு மட்டும் என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. அதை நீக்கச் சொல்லி நான் மனுப் போடவில்லை.