உப்பில்லாத கஞ்சியின் கதை

எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது என்றால் அது உம் கொட்டுவதுதான். அத்தை கதை சொல்வாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் 'உம்' என்று சொல்ல வேண்டும். உம் கொட்ட ஆளில்லாமல் கதை சொல்லக் கூடாது என்பது தோவாளையில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சட்டம். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். கதைக்குள் இருக்கிறவர்கள் அங்கேயே கிடந்து தவிப்பார்கள். எட்டு வயதில் எனக்கு அவ்வளவு பெரிய பொறுப்பு. திருவிதாங்கூர் மகாராஜாவின் கையில்கூட அத்தனை உயிர்கள் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

முப்பதுகளின் தொடக்கம் அது. அப்பா பிச்சியும் அரளியும் பயிரிட்டிருந்தார். பறித்த பிச்சி மொட்டைப் பின்பக்கத்து ஓலைச் சாய்ப்பில் கொட்டி, மத்தியானத்துக்கு மேல் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுச் சித்தி மூவரும் வாழைநாரில் தொடுப்பார்கள். தொடுத்த சரத்தை அப்பா ஈர வாழையிலையில் சுற்றிப் கடவம் என்கிற பெரிய ஓலைக் கூடையில் அடுக்குவார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். கதை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. அது தங்கள் காதிலும் விழுகிறது என்று ஆண்கள் காட்டிக்கொள்வதில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. பத்மநாபபுரம் பக்கம் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தவள் ஆவணி முடிந்தும் திரும்பிப் போகவில்லை. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போகிறோம் என்று மாமா வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளுக்குப் போக மனமில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும்தான். போகாமலிருக்க அப்பா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்பாவோ சித்திரையில் அங்கே போய்க் கைநனைத்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கா, ஒரு குறையும் இல்லை" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அண்ணனின் முகத்துக்கு நேரே நின்று புகுந்த வீட்டைக் குறை சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. சாப்பிட வரச் சொல்வதைக்கூட அத்தை என் மூலமாகத்தான் சொல்லி அனுப்புவாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, உம் கொட்ட வாறியா? இன்னைக்கு ஒரு புதுக் கதை."

ஓர் ஊரில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். தங்கையை ஏழு ஆறு தாண்டி ஒரு ராட்சசியின் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே பத்தாயம் நிறைய நெல், தொழுவம் நிறைய மாடு. ஆனால் ராட்சசி உப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். மருமகளுக்கு மட்டும் தினமும் உப்பில்லாத கஞ்சி. ஒருநாள் அண்ணன் பார்க்க வந்தான். ராட்சசி பக்கத்திலேயே நின்றாள். என்ன சொல்ல முடியும்? தங்கை தன் சட்டியிலிருந்த கஞ்சியையே அண்ணனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மடமடவென்று குடித்தான், துண்டால் வாயைத் துடைத்தான், பத்தாயத்தைப் பார்த்தான், தொழுவத்தைப் பார்த்தான், நன்றாக இரு என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான்.

அதற்கு நான் உம் கொட்டவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"அந்த அண்ணனுக்கு நாக்கே இல்லையா அத்தை?"

"பசியில குடிச்சான், போயிட்டான். நீ உம் கொட்டு மக்கா."

"மாட்டேன். அவன் திரும்பி வரட்டும்."

"நீ கொட்டலைன்னா கதை நகராது பாத்துக்கோ. அந்தப் பிள்ளை அங்கனயே கெடப்பா."

நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா என்னை முறைத்தாள். சித்தி தலை நிமிராமல் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையின் விரலில் நார் சுற்றியது சுற்றியபடியே நின்றது.

அப்போது கடவத்தின் பக்கமிருந்து "உம்" என்று ஒரு சத்தம் வந்தது.

அப்பா திரும்பவில்லை. கையிலிருந்த இலையைச் சுற்றவும் இல்லை. அத்தை நாரை இழுத்து முடிச்சிட்டாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே, ஆனால் எனக்குச் சொல்கிற குரலில் இல்லாமல், தொடர்ந்தாள். அண்ணன் ஆறு ஆறுகளைத் தாண்டிவிட்டான். ஏழாவது ஆற்றில் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோதுதான் அந்தக் கஞ்சியில் உப்பில்லை என்பது அவனுக்கு உறைத்தது. "உம்" என்றார் அப்பா. வந்த வழியே திரும்பி நடந்தான். அதற்கும் அப்பாதான் உம் கொட்டினார்.

"பொறகு?" என்றேன் நான், கோபத்தை மறந்து.

"பொறகு என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது மக்கா" என்றாள் அத்தை.

என் வேலையை அப்பா பிடுங்கிக்கொண்ட ஆத்திரத்தில் அன்று முழுவதும் அவரோடு நான் பேசவில்லை. மறுநாள் மாமா வீட்டார் வந்தார்கள். அப்பா அவர்களை உட்காரச் சொல்லி, வெற்றிலை கொடுத்து, "தங்கச்சி வரமாட்டா. இங்கனதான் இருப்பா" என்றார். அவர்கள் சத்தம் போட்டார்கள். ஊரிலும் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அப்பா அசையவில்லை. அத்தை அதன்பின் நாற்பது வருஷம் எங்களோடு இருந்தாள். என் பிள்ளைகளும் அவளுக்கு உம் கொட்டி வளர்ந்தவர்கள்தான். சித்திரையில் அப்பா சாப்பிட்ட சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்பதை நான் இருவரிடமும் கேட்டதில்லை.

புதுக் கதை என்று அத்தை சொன்னது எனக்குத்தான் புதுசு. பிற்காலத்தில் இரணியலிலும் குளச்சலிலும் பெண்கள் அதே கதையைச் சொல்லக் கேட்டேன். ஒருத்தி உப்புக்குப் பதிலாகப் புளி என்றாள். இன்னொருத்திக்கு ஆறு மூன்றுதான். நேரே சொல்ல வாயில்லாதவர்கள் சொல்லிக்கொள்வதற்காக, பேர் தெரியாத யாரோ ஒரு பெண் எந்தக் காலத்திலோ அதைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என் அத்தையை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது அவள்தான். அவளை நான் கும்பிடுகிறேன். கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிடாத அப்பாவையும்.

இதெல்லாம் பின்னால் வந்த அறிவு. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தைக்குக் கதையின் முடிவு மறந்துவிட்டது, பாவம், என்பதுதான். நானே ஒரு முடிவு வைத்துக்கொண்டேன்: அண்ணன் திரும்பிப் போய் ராட்சசியை உப்புப் பெட்டிக்குள் அடைத்துப் பூட்டுகிறான்.

கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்து வீட்டுச் சித்தி என்னைக் கூப்பிட்டாள். பூதப்பாண்டியில் அவள் பிறந்த வீட்டிலிருந்து அவளுடைய அண்ணன் பார்க்க வந்திருந்தார். சித்தி என் கையில் முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒன்றைக் கொடுத்து, அவருக்கு எதிரே உட்கார வைத்தாள்.

"அந்தக் கதையைச் சொல்லு மக்கா. நான் உம் கொட்டுகேன்."

நான் கதை சொல்கிற அழகு அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். கையை ஆட்டி, ராட்சசிக்கு ஒரு குரல், தங்கைக்கு ஒரு குரல் என்று பிரமாதமாகச் சொன்னேன். கஞ்சி வந்த இடத்தில் அவர் தலை குனிந்துகொண்டார். மனிதர் தூங்கிவிட்டார் என்று நினைத்து, அந்த இடத்தை மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் உரக்கச் சொன்னேன்.